குஞ்சுகளின் வயிறு

வவுனியா

அன்பான தங்கச்சி செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்ததில் இருந்துதான் எனக்கு நிம்மதி இல்லை. நோயே இல்லாத கோழிக்குஞ்சுகளுக்கு, வருமுன் காக்கிறேன் என்று நாள்தோறும் தண்ணீரில் அன்ரிபயோட்டிக் தூள் கலக்கிறாயாமே! யாரடி உனக்கு இந்தப் புத்தி சொன்னது? சங்கிலியை அடகு வைத்துத் தொடங்கிய வேலை, உன் பயம் எனக்கு விளங்கும். ஆனாலும் உடனே நிறுத்து. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால் நாளைக்கு உன் பிள்ளைக்கு வருத்தம் வந்தாலும் அந்த மருந்து கேட்காது. வளர்ச்சிக்கென்று தீனியில் அன்ரிபயோட்டிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலேயே தடை செய்துவிட்டது.

பேசாலையில் அம்மா அடை வைத்த குஞ்சுகள் மருந்தைக் கண்டனவா? தாயோடு மண்ணைக் கிளறித் திரியும்போதே தாயின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் குஞ்சுக்கும் போய்விடும். மெஷினில் பொரித்த குஞ்சு தாயையே காணாதது. பின்லாந்தில் கோழிப் பண்ணைகளில் சல்மொனெல்லா கிருமி பரவியபோது நுர்மி என்ற ஆய்வாளர் இதைத்தான் யோசித்தார். நலமான பெரிய கோழியின் குடலில் இருந்ததைக் கரைத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய்க்கிருமியால் அவற்றில் பலவற்றின் குடலில் ஊன்ற முடியவில்லை. 1973இல் அதை வெளியிட்டார். கரையில் முந்தி வந்தவர்கள் மீன்வாடி போட்டுவிட்டால் பிந்தி வருபவனுக்கு இடம் ஏது? குடலைச் சுற்றியிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களும் இந்த நல்ல நுண்ணுயிர்களோடு பழகித்தான் தேறுகின்றன.

அதற்காக நீ எச்சத்தைக் கரைத்து ஊற்றிவிடாதே, இரத்தக் கழிச்சல் வந்துவிடும். மிருக வைத்தியரிடம் கேட்டு, நல்ல நுண்ணுயிர்கள் உள்ள புறோபயோட்டிக் தூள் வாங்கு. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தால் அதிலுள்ள உயிர்களில் பல செத்துப்போகும். உவரில்லாத கிணற்றுத் தண்ணீர் எடு. தகரக் கொட்டிலுக்குள் பக்கற்றை வைக்காதே, அந்தச் சூடு ஆகாது.

பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து, சிறகைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கிற குஞ்சைக் கண்டால் தூளை நம்பி இராதே. பிரித்து வைத்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடு. அவர் அன்ரிபயோட்டிக் தந்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடு, பாதியில் விடாதே.

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டதாமே, கொட்டிலின் காற்றுப் பக்கத்துக்குச் சாக்குக் கட்டச் சொல்லி மச்சானிடம் சொல். இவ்வளவு நாளும் கலந்த அன்ரிபயோட்டிக் தூளின் பெயரைப் பக்கற்றைப் பார்த்து எனக்கு எழுது, இங்குள்ள மிருக வைத்தியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா