கழற்றப்பட்டவன்

கினிகத்தேனையில் மழை வலுத்தால் பேச்சும் வலுக்கும். அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் வீதியோரத் தேநீர்க்கடையில், பேருந்துக்காக ஒதுங்கிய தோட்டத்து இளைஞர் சிலர் ஒரு மாலை வாதிட்டுக்கொண்டிருந்தனர். 'எந்திரன்' திரைப்படம் 2010 ஒக்டோபரில் வெளிவந்து சில மாதங்களே கழிந்திருந்தன. ரஜினிகாந்த் ஏற்று நடித்த சிட்டி என்னும் இயந்திர மனிதன் இறந்தானா, இல்லையா என்பதே வாதம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இடைமறித்தார். "கொழுந்து அரைக்கிற மெசினை எத்தனை தடவை கழட்டிப் பூட்டியிருக்கேன். அது செத்தா போச்சு, தம்பி?"

"அந்த மெசின் தன்னைத்தானே கழட்டிக்கலையே, மாமா" என்றான் ஒருவன்.

வாதம் அங்கே திரும்பிற்று. தன்னை ஆக்கிய விஞ்ஞானியைக் குற்றச்சாட்டிலிருந்து மீட்ட பின்னர், நீதிமன்ற ஆணைக்கு அடங்கி, சிட்டி தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி வைக்கின்றான். மறுக்கும் ஆற்றலுடையவன் மறுக்காது அடங்குவதனாலேயே அது மரணமாகின்றது. அவ்வாற்றல் இல்லாத பொறிக்கு அது வெறும் பழுதுபார்ப்பு. இளைஞனின் கூற்றே வலியது எனல் வேண்டும்.

"அவன் ஏன் அடங்கினான்?" என்று கேட்டாள் கடையோரத்தில் நின்ற பெண்ணொருத்தி. எவரும் விடை கூறவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் யார் இருப்பது, யார் கப்பலேறுவது என்று பிறர் தீர்மானிக்கக் கண்ட மலையகத்தில் அவ்வினா படத்தோடு நிற்பதன்று.

நாயகனைக் கொன்று மீட்பது புதிதன்று. 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை மாய்த்த கொனன் டொயில், வாசகரின் மனக்குறைக்குப் பின் 1903இல் அவரை மீண்டும் எழுப்பினார். 'ஸ்டார் ட்ரெக்' படவரிசையில் 1982இல் இறந்த ஸ்பொக் 1984இல் திரும்பினார். எழுதியவர்களுக்கோ அச்சலுகை இல்லை. 'எந்திரன்' வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா, படம் வெளிவருமுன்னரே, 2008 பெப்ரவரி 27இல் மறைந்தார்.

2018 நவம்பரில் '2.0' வெளிவந்தது. உலகுக்கு இடர் வந்துற்றபோது சிட்டியை மீண்டும் பூட்டினர். முதியவரின் கட்சி வென்றதென்றே நண்பர்கள் கருதினர். இளைஞன் அதற்குள் கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தீபாவளிக்கு வந்து திரும்பிப் போனவன், பொங்கலுக்கு மீண்டும் வந்தபோது அதே கடையில் முதியவரைக் கண்டான்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க, மாமா."

முதியவர் தேநீரை ஆற்றியபடியே இருந்தார். "பூட்டினாங்க, சரி. பூட்டுறதுக்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"