கடல் விலகும் கரையில்

கடற்கரை ஊரிலே பிறந்து, பிழைப்பின் பொருட்டு வேற்றூர் புகுந்தவர்களுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. ஊர் உணவை இங்கும் சமைத்துக்கொள்ளலாம். ஊர் மொழியைச் சங்கத்திற்கு வந்து பேசிக்கொள்ளலாம். கடலை மட்டும் உடன் கொண்டுவர இயலாது. கல்கத்தாவில் கங்கை உண்டு, கப்பலும் உண்டு. அலையையும் உப்புக் காற்றையும் நாடினால் இரயில் ஏறத்தான் வேண்டும்.

நம்மவர் பெரும்பாலும் பூரிக்குச் செல்வர். ஜகந்நாதரையும் கடலையும் ஒருங்கே காணலாம் என்பது காரணம். நாங்கள் இம்முறை ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் உள்ள சாந்திப்பூரைத் தேர்ந்தோம். ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கும் ஊர் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதனினும் பெரிய வியப்பு ஒன்று அங்கே நாள்தோறும் நடைபெறுகிறது. கடல் தன் இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறது.

தைப்பூசத்திற்கு மறுநாள் புறப்பட்டோம். சங்கத்தைச் சேர்ந்த இரு குடும்பத்தார், தூத்துக்குடி நண்பர், எங்கள் அண்டை வீட்டு வங்காளிக் குடும்பத்தார் ஆக மொத்தம் பதினொரு பேர். ஹௌராவிலிருந்து பாலசோர் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். வாழையிலையில் கட்டிய மிளகாய்ப்பொடி இட்டலி எங்கள் பங்கு. சந்தேஷ் இனிப்பு அவர்கள் பங்கு. வழியெல்லாம் பண்டமாற்று நடந்தது. இழப்பு யாருக்கும் இல்லை.

பாலசோரை அடுத்துப் புதாபலங்கா என்னும் ஆறு ஓடுகிறது. 1915ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கப் புரட்சி வீரர் பாகா ஜதீன் ஆங்கிலக் காவற்படையை எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றது இவ்வாற்றின் அருகில்தான். வங்காளி நண்பர் அதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நமக்கு வாஞ்சிநாதன் எப்படியோ, அவர்களுக்கு ஜதீன் அப்படி.

சாந்திப்பூரை அடைந்தபோது உச்சிப்பொழுது. சவுக்குத் தோப்பின் காலடியிலேயே அலை தவழ்ந்துகொண்டிருந்தது. “இதற்கா இவ்வளவு தொலைவு வந்தோம்? மெரினாவின் அலைக்கு இது தங்கையின் பேத்தி அல்லவா!” என்றாள் என் மனைவி. உண்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்து வந்து பார்த்தால் கடலைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய மட்டும் ஈர மணல். அதன் மேல் வானத்தின் நிழல். எங்கோ தொலைவில் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு. அதுவே கடல் என்றார் அங்கிருந்த மீனவர்.

காரணம் எளியது. இங்கே கடலின் தரை மிக மெல்லிய சரிவுடையது. பிற கடற்கரைகளில் நீர்மட்டம் ஆள் உயரம் இறங்கினால் அலை சிறிது தொலைவே பின்வாங்கும். இங்கே அதே இறக்கத்திற்குக் கடல் மைல் கணக்கில் விலகிவிடும். நீர் மிகவும் வற்றும் நாட்களில் 5 கிலோமீட்டர் வரை உள்வாங்கும் என்பர். ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. நேரமோ நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகுதி.

கடலின் அடித்தளத்தில் காலணியின்றி நடக்கும் பேறு எளிதில் வாய்ப்பதன்று. குழந்தைகள் முன்னே ஓட, பெரியவர்களாகிய நாங்கள் முதலில் கௌரவமாக நடந்தோம். கால் நாழிகைக்குள் நாங்களும் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டோம். விசிறி போன்ற வரிச் சிப்பிகள், நகத்தளவு சங்குகள், உட்புறம் இளஞ்சிவப்பு மின்னும் கிளிஞ்சல்கள் என வேட்டியின் மடி நிறைந்தது. சங்கத்து மூத்த அம்மையார் ஒருவர் சோழி தேடினார். “பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும், தாயத்துக்குச் சோழி வேண்டும்” என்பது அவர் கட்சி. சோழி ஒன்றும் அகப்படவில்லை.

பல சிப்பிகளில் துரப்பணம் இட்டாற்போல வட்டமான துளை ஒன்று இருந்தது. மாலை கோப்பதற்காகவே கடவுள் துளையிட்டார் என்று குழந்தைகள் மகிழ்ந்தார்கள். உண்மை சற்றுக் கொடியது. ஊன் உண்ணும் ஒரு வகைக் கடல் நத்தை, சிப்பியைப் பற்றிக்கொண்டு மெல்ல அரித்துத் துளையிட்டு உள்ளிருக்கும் உயிரை உண்டுவிடுகிறது. நாம் அணியும் மாலை அதன் எச்சில் கலம்!

ஒரு பள்ளத்தில் கவிழ்த்த இரும்புச் சட்டி போன்ற ஓட்டுடன், ஈட்டி வால் நீட்டிக் கிடந்தது குதிரைலாட நண்டு. பல கோடி ஆண்டுகளாகப் பெரிதும் உருமாறாத இனம் அது. அதன் குருதி நீல நிறமுடையது. ஊசி மருந்துகளில் நுண்கிருமி நஞ்சு உள்ளதா என்று சோதிக்க அக்குருதியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டு வருகிறது. அதை எடுப்பதும் துன்புறுத்துவதும் சட்டப்படி குற்றம் என்பதால் தொடாமல் வணங்கி விலகினோம்.

அப்போதுதான் என் இளைய மகள் கைகொட்டிக் கூவினாள். கட்டைவிரல் அளவே உள்ள, பால் நிறச் சங்கு ஒன்று அவள் கையில் இருந்தது. அன்று நாங்கள் கண்டவற்றுள் அதுவே அழகு. அண்டை வீட்டு அம்மையாரிடம் ஓடி, அவர் மணிக்கட்டில் இருந்த வெண்சங்கு வளையுடன் அதை ஒட்டிப் பார்த்து, “மாசி, உங்கள் வளையல் இந்தக் கடற்கரையில்தான் விளைந்ததா?” என்று கேட்டாள். அம்மையாருக்குத் தெரியவில்லை. “திருமணத்தன்று அணிவித்தார்கள், எங்கள் பக்கம் சாங்காரி என்னும் கைவினைஞர் செய்வார்கள். சங்கு எந்தக் கடலுடையதோ, அறியேன்” என்றார்.

தூத்துக்குடி நண்பர் அதுவரை ஒதுங்கியே நடந்துகொண்டிருந்தார். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாக எங்கள் தெருவில் குடியிருப்பவர். தந்தையாரின் தொழிலைக் கேட்டால் ‘கடல் வாணிகம்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அன்று அவர் நின்றார். “அது எங்கள் ஊர்ச் சங்கு, அம்மா. என் தந்தை மூழ்கி எடுத்த வகை” என்றார்.

பிறகு அவர் பேசியதை நாங்கள் குறுக்கிடாமல் கேட்டோம். மன்னார் வளைகுடாவில் விடியுமுன் தோணி ஏறிச் சென்று, மூச்சை அடக்கி மூழ்கி, மணலில் பாதி புதைந்த சங்கைக் கையால் தடவி எடுக்கும் தொழில். காதில் குருதி வடிய வீடு திரும்பிய நாட்கள். சங்குகள் மூட்டையாகக் கல்கத்தாவுக்குப் போவதைக் கண்டு, அந்த ஊரைக் காண வேண்டும் என்று சிறுவனாகிய தாம் ஆசைப்பட்டது. “வந்த பிறகு, சங்கு குளிப்பவன் மகன் என்று அலுவலகத்தில் சொல்ல நாணினேன். அந்த மனிதர் அடக்கிய மூச்சில்தான் நான் படித்தேன். முப்பது ஆண்டுகள் அதை மறைத்தேன்.”

அம்மையார் தம் வளையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, தாதா?” என்று மட்டும் கேட்டார். நண்பர் மறுமொழி கூறவில்லை.

இது இன்று நேற்று ஏற்பட்ட உறவன்று. கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்துள்ளன. சங்கப் பாடல்கள் நம் மகளிரின் சங்கு வளைகளைப் பேசுகின்றன. நம்மிடையே அவ்வழக்கம் அருகிவிட்டது. தென்கடற் சங்கோ வங்கத்து மணமகளின் கையில் இன்றும் இருக்கிறது.

என் மகள் தன் சங்கை நண்பரிடம் நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார். உள்ளே சிறு கால்கள் அசைந்தன. காலி ஓட்டில் குடியேறிய துறவி நண்டு! “எங்கள் கடலில் ஒரு விதி இருந்தது. அளவிற் குறைந்த சங்கை எடுக்கலாகாது. எடுத்தால் கடலுக்கே திருப்ப வேண்டும். இதுவோ ஒருவர் குடியிருக்கும் வீடு. உன் விருப்பம், அம்மா” என்றார். குழந்தையின் கண்கள் கலங்கின. நெடுநேரம் நின்றாள். பின்பு குட்டையின் ஓரத்தில் அதை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

“பாணி ஆசுச்சி!” என்று மீனவர் குரல் கேட்டது. நீர் வருகிறது என்பது பொருள். ஓசையின்றி, பாம்பு போல் வாய்க்கால்கள் வழியே நீர் எங்களுக்குப் பின்புறமாகவும் புகுந்துகொண்டிருந்தது. கதை கேட்ட மயக்கத்தில் கரையை மறந்திருந்தோம். மூத்த அம்மையாரை இருபுறமும் தாங்கி விரைந்தோம். கடைசி வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் நீர். அதில் முதலில் இறங்கி ஆழம் பார்த்து, ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கடத்திவிட்டவர் அறுபது கடந்த தூத்துக்குடி நண்பரே. கரையேறித் திரும்பினோம். நாங்கள் நின்று பேசிய இடமெல்லாம் கடலாகி, அதன்மேல் நிலவு எழுந்தது.

அங்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள்: குளிர்காலமே ஏற்றது. ஓத நேரத்தை விடுதியிலோ மீனவரிடமோ கேட்டறியாமல் மணலில் இறங்காதீர்கள். நீர் திரும்புமுன் நீங்கள் திரும்புங்கள். உயிருள்ள எதனையும் எடுக்காதீர்கள். 2001ஆம் ஆண்டில் சில சங்கு, சிப்பி இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன என்பதையும் நினைவிற் கொள்க.

கல்கத்தாவுக்குப் புதிதாய் வந்த நாளில், அந்திப்பொழுதில் அடுத்த வீட்டில் சங்கு ஊதக் கேட்டு, “ஐயோ, யார் போனார்களோ!” என்று என் மனைவி பதறியதுண்டு. வங்கத்தில் அது விளக்கேற்றும் வேளையின் மங்கல ஒலி என்று பிறகே அறிந்தோம். ஊர் திரும்பிய மாலையிலும் அந்த ஒலி கேட்டது. எதிர்வீட்டுத் திண்ணையில் தூத்துக்குடி நண்பர் எழுந்து நின்று, அது ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.