நூறு பேலில் நாற்பது

கிளெம்சனில் படித்த இரண்டு வருடமும், வகுப்புக்குப் போகும் வழியில் வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு பழைய வீட்டைத் தாண்டித்தான் போவேன். ஜான் கால்ஹூனின் வீடு. அவருடைய மருமகன் உயில் எழுதிக் கொடுத்த தோட்டத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகமே நிற்கிறது.

கால்ஹூனை நான் படிக்க ஆரம்பித்தது அப்பாவால். அப்பா கோவில்பட்டிப் பக்கம் பழைய கட்சிக்காரர். ராஜமன்னார் குழு அறிக்கையைப் பற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டே அரை மணி நேரம் பேசுவார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, 1828இல் ஒருவர் உட்கார்ந்து மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம்தான் அரசமைப்பு, அதை மீறும் மத்தியச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பென்சிலால் கோடு கோடாக இழுத்தேன். அப்போது அவர் நாட்டின் துணை ஜனாதிபதி வேறு. அதனால் பெயர் போடாமல் எழுதினார்.

தகராறு இறக்குமதி வரியில். வடக்கே இருந்த ஆலைகளைக் காப்பாற்ற வெளிநாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்றினார்கள். தென் கரோலினா பருத்தியை விற்றது பிரிட்டனுக்கு. பிரிட்டன் சரக்கு இங்கே விற்காவிட்டால் அவன் பருத்தி வாங்கப் பணத்துக்கு எங்கே போவான்? மெக்டஃபி என்ற அரசியல்வாதி, விளையும் நூறு பேலில் நாற்பதை இந்த வரியே தின்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். கணக்கு தப்பு. மண் சத்து போயிருந்தது, அலபாமா பக்கம் புதுக் கரிசலில் பருத்தி மலிவாக விளைந்துகொண்டிருந்தது. ஆனாலும் நாற்பது பேல் என்பது யாருக்கும் மனசில் நிற்கிற கணக்கு.

1832 நவம்பர் 24 அன்று கொலம்பியாவில் கூடிய மாநாடு, 1828, 1832 வரிச் சட்டங்கள் பிப்ரவரி 1 முதல் இங்கே செல்லாது என்றது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் அதைக் கிட்டத்தட்டத் துரோகம் என்றார். டிசம்பரில் கால்ஹூன் பதவியை விட்டு செனட்டுக்குப் போனார். 1833 மார்ச் 2 அன்று ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்: ராணுவத்தை அனுப்ப ஒன்று, 1842க்குள் வரியைப் படிப்படியாக 20 சதவீதத்துக்கு இறக்க இன்னொன்று. மாநிலம் தன் அறிவிப்பை வாபஸ் வாங்கியது. கூடவே, ராணுவச் சட்டம் செல்லாது என்று இன்னொரு தீர்மானமும் போட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது; நம்மூர்க்காரர்கள் மாதிரியே.

அன்று ராத்திரி போனில் அப்பாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். ஒத்த மாநிலம் நின்னு வரியக் குறைக்க வச்சிட்டாங்கப்பா.

"சரிய்யா, அங்க பருத்தி எடுத்தது யாரு?"

எங்கள் ஊர்க்காட்டில் பருத்தி எடுத்த ஆட்களை எனக்குத் தெரியும். என் அப்பத்தா எடுத்திருக்கிறாள். அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

பிறகு வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த மாநிலத்தில் அன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். 1830இல் கால்ஹூனே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரி ஒரு சந்தர்ப்பம்தான், உண்மைக் காரணம் இல்லை, பயம் எங்கள் 'உள்வீட்டு ஏற்பாடு' பற்றியது என்கிறார். அதற்கும் முன்னால், 1822இல் டென்மார்க் வெசி கலகத் திட்டம் தீட்டினார் என்று தூக்கிலிட்ட பிறகு, துறைமுகத்துக்கு வரும் கறுப்பின மாலுமிகளைக் கப்பல் கிளம்பும்வரை சிறையில் அடைக்க இந்த மாநிலம் சட்டம் போட்டது. அது செல்லாது என்று மத்திய நீதிபதி ஒருவர் சொன்னார். மாநிலம் காதிலேயே வாங்கவில்லை. வரிக்கு ஒன்பது வருடம் முந்திய கதை இது. சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து காப்பது பற்றி நான் கோடிழுத்த வரிகளில், சிறுபான்மை என்பது தோட்ட முதலாளிகள்.

அப்பாவின் அரசியலை நான் விடவில்லை. இன்றைக்கும் வரிப் பங்கு என்று பேச்சு வந்தால் எனக்குச் சூடேறும். ஆனால் பென்சில் கோடுகளை அழிக்க உட்கார்ந்தபோது, எந்த வரியை அழிப்பது என்று தெரியவில்லை. வாதம் அப்படியேதான் இருந்தது.

பல்கலைக்கழக மைதானத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், பெயரில்லாத 600க்கும் மேற்பட்ட குழிகளை 2020இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் அந்தத் தோட்டத்து அடிமைகளும் அவர்களுக்குப் பின் அங்கே உழைத்தவர்களும். குழிக்கு ஒன்றாகச் சின்னக் கொடி நட்டிருக்கிறார்கள். ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள்தான் கூப்பிட்டார். மழை, அம்மாவின் முட்டிவலி எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும்போது கேட்டார். "அந்தக் கொடியில ஏதும் பேரு எழுதியிருக்காய்யா?"

"இல்லப்பா."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.