பாப்பாவின் இடது கண்

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பாப்பா என்று பெயர். பெயர் வைத்தது மாமியார். வயது ஆறாகிறது, இன்னும் பாப்பாதான். மழைக்கு ஒதுங்கி மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டியை எடுத்து வந்தபோதே கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. ஓயாத தும்மல் வேறு. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்துக் கண்ணைத் திறக்க வைத்தோம். பத்து நாளில் சரியாகிவிட்டது. அதாவது, சரியாகிவிட்டதென்று நாங்கள் நினைத்தோம்.

அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். இடது கண்ணில் நீர் வழிந்தது. நாத்தனார் குழந்தைகளோடு வந்து ஒரு மாதம் தங்கினாள். மறுபடியும் இடது கண். ("என் குழந்தைகள் கண் பட்டுவிட்டதென்கிறீர்களா, அண்ணி?" என்று அவள் கேட்டதை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.)

மூன்றாவது தடவைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து பாதிப் புட்டி மிச்சமிருந்தது. மனுஷக் கண்ணுக்கு ஆகிறது பூனைக் கண்ணுக்கு ஆகாதா என்று காலையும் மாலையும் விட்டேன். இரண்டு நாளில் சிவப்பு நன்றாகவே வாடிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை! நான்காம் நாள் பாப்பா கட்டிலுக்கு அடியில் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டது. பாலுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. பிடித்துத் திறந்து பார்த்தால், கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது.

கால்நடை டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு, அறையை இருட்டாக்கி, நீல விளக்கைப் பிடித்தார். கருவிழியில் கிளை கிளையாக ஏதோ பச்சையாய் மின்னிற்று. "புண். என்ன மருந்து விட்டீர்கள்?" என்றார். புட்டியை நீட்டினேன். அதில் ஸ்டிராய்டு இருந்தது. அது சிவப்பை அடக்கும். கிருமியோடு மல்லுக்கட்டும் உடம்பின் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும்.

பூனைகளைப் பிடிக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இது, மனிதருக்கு ஒட்டாது. குட்டியில் தொற்றினால் பெரும்பாலும் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வெள்ளையடிப்பு, விருந்தாளி, புதுப் பூனை, வேறு வியாதி என்று ஏதாவது கலவரம் நேர்ந்தால் ஒரு வாரம் போல் கழித்து எழுந்து வருகிறது. தடுப்பூசி கடுமையைக் குறைக்கும், படுத்திருப்பதை விரட்டாது.

டாக்டர் ஃபாம்சிக்ளோவிர் மாத்திரை எழுதினார். மனிதருக்கு அக்கிக்குக் கொடுப்பதுதான். பெயரில் அதற்கு உடன்பிறப்பு போலிருக்கும் அசைக்ளோவிர் மாத்திரையோ பூனைக்கு விஷமாம். நானாக மருந்துக் கடைக்குப் போயிருந்தால் எதை வாங்கியிருப்பேனோ!

மூன்று வாரம் அவர் துண்டில் சுற்றிப் பிடிக்க, நான் மாத்திரை கொடுத்தேன். இருவர் கையிலும் கீறல்கள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை; ஒரு நாள் மட்டும், "ஏம்மா, மிச்சத்தைக் கொட்டிடச் சொன்னாரே என் டாக்டர். நான்தான் காசு போட்டு வாங்கினதாச்சேன்னு வெச்சிருந்தேன்" என்றார்.

கண் பிழைத்தது. கருவிழியில் அரிசி நொய் அளவு ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. தீபாவளிக்கு நாத்தனார் வருகிறாள். பாப்பாவின் கூடை, தண்ணீர்க் கிண்ணம், மண் தட்டு எல்லாவற்றையும் இப்போதே பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டேன். அறைச் சாவி மாமியார் இடுப்பில்.