காடு கடந்த இரு நடைகள்

பனையும் வெண்மணலும் சூழ்ந்த ஓலைத்தொடுவாய்க்கு விடுமுறையில் வரும் மாணவர்கள், கடலைக் கண்டு மகிழ்வதோடு ஒரு பழைய நூலையும் கையிற் கொண்டு வருவார்களாயின் பயன் மிகும். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதி, 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலே அது.

1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட நொக்ஸ், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகள் காவலில் வாழ்ந்தார். 1679இல் ஸ்டீவன் ரட்லண்ட் என்னும் தோழருடன் தப்பி, அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரையைப் பற்றி நடந்தார். யானையும் கரடியும் உலவும் காடு. இரவில் தாளிப்பனை ஓலையே கூடாரம். ஒக்டோபர் 18ஆம் நாள் இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். ஓலைத்தொடுவாய்க்குத் தெற்கே, பெருநிலக் கரையில் உள்ள ஊர் அரிப்பு.

நூலைப் படிப்போர் வியப்பது அவரது வீரத்தை. யான் வியப்பது அவரது பொறுமையை. சில்லறைப் பொருள் விற்பவராகப் பலமுறை வடக்கே சென்று வழியை விசாரித்து அறிந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில், காட்டில் நீர் கிடையாதென்று கண்டு காத்திருந்தார். துணிவென்பது கண்ணை மூடிக்கொண்டு பாய்வதன்று என்பதை இளைஞர் இவரிடம் கற்கலாம்.

எனினும், நொக்ஸ் அஞ்சி அஞ்சிக் கடந்த நிலத்தில் ஒரு பகுதி, தமிழ் பேசும் வன்னி மக்களின் வாழ்விடம். தமிழறியாத அவருக்கு அது அச்சந்தரும் வனம். அங்கே பிறந்தவர்க்கோ வயலும் குளமும் உள்ள ஊர். வனம் எது, ஊர் எது என்பதை நடப்பவனின் கண்ணே தீர்மானிக்கிறது.

இன்னொரு நடையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து தோணிகளில் வந்த ஏழை மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். நொக்ஸ் மலைநாட்டிலிருந்து கடலுக்கு வந்தார். இவர்கள் கடலிலிருந்து மலைநாட்டுக்குச் சென்றனர். அவர் நடந்தது விடுதலைக்கு. இவர்கள் நடந்தது கூலிக்கு. பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். நொக்சின் நூல் போன்றதொரு நூல் அவர்களிடமிருந்து நமக்குக் கிட்டவில்லை.

ஆகவே மாணவர்களே, நொக்சைப் படியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் வீட்டு முதியோரிடம், அவர்களின் முன்னோர் எவ்வழியே நடந்து வந்தனரென்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள். எழுதப்படாத நடையைக் காடு விரைவில் மூடிவிடும்.