பெரியவர் மறுத்த கணக்கு

வானொலியில் வேலை செய்யும் எனக்கு ஜான் பார்டீன் மீது தனி மரியாதை. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அதற்காக 1956இல் நோபல் பரிசு பெற்றவர். அவரே மறுத்தும் பின்வாங்காத ஒரு மாணவரின் கதை இது.

1962இல் பிரையன் ஜோசப்சன் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். வயது 22. சில உலோகங்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். இவை மீக்கடத்திகள். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் இருந்தாலும், மின்னழுத்தம் இல்லாமலேயே மின்னோட்டம் அதைக் கடக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். முடியாது என்று எழுதினார் பார்டீன்.

மறு ஆண்டே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டர்சனும் ரோவலும் சோதித்தார்கள். ஒருபக்கம் வெள்ளீயம், மறுபக்கம் காரீயம், நடுவே ஆக்சைடு படலம். மின்னோட்டம் கடந்தது! பார்டீனும் ஏற்றுக்கொண்டார். 1973இல் ஜோசப்சனுக்கும் நோபல் கிடைத்தது.

இந்தச் சந்திப்பில் மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் அலைபோல் ஆடும். ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு ஏறக்குறைய 484 மெகாஹெர்ட்ஸ். தினமும் அலைவரிசை எண் சொல்லும் எனக்கு இது இனிக்கிறது. இன்று ஆய்வுக்கூடங்கள் வோல்ட்டைத் துல்லியமாக அளப்பதும் இதை வைத்துத்தான்.

எஸ்பிஎம் முடிவு வரும் நாட்களில் என் நிகழ்ச்சிக்கு அழைக்கும் பிள்ளைகள் சிலர், “என்ன படிக்கணும்னு அப்பாவே முடிவு பண்ணிட்டாரு” என்பார்கள். சண்டை போடாதீர்கள், உங்கள் கணக்கைப் பொறுமையாக எடுத்துக் காட்டுங்கள் என்பேன். அப்பாக்களிடமும் ஒரு வார்த்தை: பார்டீனே ஏற்றுக்கொண்டார். நீங்களும் ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்களேன்.