அறிவுரை கிடையாது, கேள்வி மட்டும்

புனே மங்கள்தாஸ் ரோட்டில் டாடா மேலாண்மைப் பயிற்சி மையம் 1966-இலிருந்து இருக்கிறது. மேலாளர்களுக்கு வகுப்பறை மட்டும் போதுமா என்ற கேள்வி அதைவிடப் பழசு. 1940-களில் ரெஜ் ரெவன்ஸ் (1928 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டிய மனிதர்!) பிரிட்டன் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களிடம், உங்கள் சிக்கலை உங்களுக்குள்ளேயே பேசி, செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். இதுதான் செயல்வழிக் கற்றல்.

புனே அருகே சாக்கனில், எங்கள் ஆலைக் குழுவும் அப்படித்தான். ஒருவர் சிக்கலைச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். அறிவுரை சொல்லாமல் இருப்பது நம்மாட்களுக்குப் பெரும்பாடு! போன வாரம், நைட் ஷிப்டில் ரிஜெக்‌ஷன் ஏன் கூடுகிறது என்று பேச்சு. ஸ்டோர்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார்: "ராத்திரியில கேஜ் எங்க சார் இருக்கும்?"

அளவு சோதிக்கும் அந்த கேஜ் இருப்பது பூட்டிய அலமாரியில். சாவி பகல் ஷிப்ட் சூப்பர்வைசரிடம்.

அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, சாவி கை மாறியதா என்பதுதான்.